மேற்குச் சுவரில் கடல்

1974ஆம் ஆண்டு மே மாதம், சாரம் என்ற ஊரில் பலராமன் வீட்டு மேற்குச் சுவரில் வரைந்திருந்த ஜன்னலிலிருந்து காற்று வரத் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது அடுத்த வீட்டு மாட்டுக் கொட்டகை, வந்ததோ கடற்காற்று. வரைந்தவர் குடும்ப நண்பர் சவரிராயன். மாதா கோயில் சுரூபங்களுக்கும் கடைப் பலகைகளுக்கும் வண்ணம் தீட்டுபவர். வண்ணம் குழைத்துக் கொடுப்பது அவர் மனைவி ஆனந்தமேரி. ஞாயிறு பூசை முடிந்து இருவரும் ஒரே சைக்கிளில் வருவார்கள். பலராமனின் எட்டு வயது மகள் தையல்நாயகி அதுவரை வாசலை விட்டு நகரமாட்டாள்.

மில் வேலையில் பஞ்சு நெஞ்சை அடைத்து, படுத்தால் பலராமனுக்கு மூச்சு வராது. வீட்டில் ஜன்னலே கிடையாது. "நெசமா வைக்க முடியல, பாக்கறதுக்காவது ஒண்ணு இருக்கட்டும்" என்று சவரிராயன் ஒரு ஜன்னலையும் அதற்குள் கடலையும் வரைந்தார். மூன்றாம் நாள் காலண்டர் படபடத்தது. அன்று மத்தியானம் பலராமன் மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

அனுமதியில்லாமல் ஜன்னல் வைத்ததாக நகராட்சியிலிருந்து நோட்டீசு வந்தது. பின்னாலேயே கிருஷ்ணசாமி என்ற அதிகாரியும் வந்தார்.

"படத்துக்கு எதுக்கு முசே பர்மிஷன்?" என்று பழைய பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார் சவரிராயன்.

"காத்து வராத வரைக்கும் படம். வந்துட்டா ஜன்னல். அதுவும் கடல் கிழக்கால இருக்குது, நீங்க மேற்கால வச்சிருக்கீங்க. மேப்புல இடிக்குதே!"

அப்போது சுவருக்குள் போன கட்டுமரத்திலிருந்து ஒருவர் கையாட்டினார். கிருஷ்ணசாமி அதையும் குறித்துக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் சுண்ணாம்பு அடித்து மூட வேண்டும் என்று உத்தரவானது.

கெடு நாளில் சவரிராயன் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். அழுது சிவந்த கண்களோடு ஆனந்தமேரியும் வந்தார். கிருஷ்ணசாமி மேற்பார்வைக்கு நின்றார். சவரிராயன் வெள்ளையடிக்கும் மட்டையைத் தூக்கியதும் தையல்நாயகி ஓடிப்போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள்.

"அழிச்சிட்டா எங்கப்பா எப்பிடி மாமா மூச்சு உடுவாரு?"

சவரிராயன் மட்டையைக் கீழே வைத்தார். சற்று யோசித்துவிட்டு, பெட்டியிலிருந்து பிரஷ்ஷை எடுத்து ஜன்னலுக்குக் கீழே ஒரு பிரம்பு நாற்காலியை வரைந்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. செத்த உக்காருங்க முசே."

கிருஷ்ணசாமி உட்கார்ந்தார். நாற்காலி தாங்கியது. ஐந்து மணிக்குத் தூங்கி எழுந்தவர், இது ஒரே நாளில் முடிகிற விசாரணை அல்ல என்று கோப்பில் எழுதினார்.

விசாரணை பதினோரு வருடம், விடுமுறை நாள் நீங்கலாக மத்தியானந்தோறும் நடந்தது. கிருஷ்ணசாமி காரைக்காலுக்கு மாற்றலாகிப் போனபின் அடுத்தவர் வந்து தொடர்ந்தார். மே மாதங்களில் மேலதிகாரிகள் குடும்பத்தோடு வந்து விசாரித்தார்கள். ஒருமுறை சவரிராயனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அது காற்றில் பறந்து கடலில் விழுந்ததற்கு அவரிடமே விளக்கம் கேட்டுக் கடிதமும் அனுப்பினார்கள். பலராமன் மகளின் கல்யாணம் பார்க்கும் வரை நன்றாக மூச்சு விட்டார்.

1986இல் தையல்நாயகி மூலக்குளத்தில் குடியேறினாள். அந்தத் தெருவில் தண்ணீர் வசதி இல்லை. சமையலறைச் சுவரில் ஒரு குழாயை வரைந்தாள். திறந்து பார்க்கத் தைரியம் வராமல் இரண்டு நாள் விட்டுவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த ஆனந்தமேரி, முந்தானையைச் செருகிக்கொண்டு அதைத் திறந்தார். உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தார்.

"குடிக்கலான்டி. ஆனா பருப்பு வேகாது."

மறுநாள் காலை தையல்நாயகியின் வாசலில் பதினேழு குடங்கள் வரிசையில் இருந்தன. யார் குடம் முதலில் என்பதில் மட்டும் கொஞ்சம் சண்டை நடந்தது.