அறுபது நாள்

"என் பாஸ்போர்ட்டக் குடுங்க."

அதை மட்டும் எக்காரணம் கொண்டும் கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா என்னை டெக்சஸுக்கு விமானம் ஏற்றினாள். மாப்பிள்ளையிடமே இருக்கட்டுமாம். இரண்டு வருஷம் இருந்தது.

என் புருஷன் திருமூர்த்தி, பாலசுப்ரமணியன் அங்கிளைப் பார்த்தான். பஞ்சாயத்துக்கு அவன் கூட்டிவந்த ஆள். இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்ட் தெருவில் டிராவல்ஸ் நடத்துகிறவர். வரும்போதே எனக்குக் கோயமுத்தூருக்கு ஒருவழி டிக்கெட்டோடு வந்திருந்தார். அவர் மனைவி வசந்தாமணி ஆன்ட்டி, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே என்னை விசாரித்தார்.

"அடிக்கறாரா கண்ணு? குடிக்கறாரா? பின்ன என்ன காரணம்னு கோர்ட்டுல சொல்லுவ?"

"இந்த ஊர்ல காரணம் கேக்கறதில்ல ஆன்ட்டி. ஒத்து வரலைன்னு எழுதினாப் போதும்."

திருமூர்த்தி சிரித்தான். "கரெஸ்பாண்டன்ஸ்ல பி.ஏ. படிச்சவ சட்டம் பேசறா. கல்யாணம் பொள்ளாச்சில நடந்துச்சு, முடிக்கறதும் அங்கதான். இங்க நீ என் விசாவுல தொத்திக்கிட்டு வந்தவ."

இந்தப் பொய்யைத்தான் நம்பிக் கிடந்தேன். பஸ் கண்டக்டர் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், இவன் வாய்ச்சொல்லைப் பாடமாகப் படித்திருந்தேன். கீழ்வீட்டு ஹபீஸாதான் பக்கத்திலிருக்கும் கேட்டி ஊர் நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். அகராதியோடு ஒரு வாரம் சட்டப் புத்தகம் படித்தேன். கல்யாணம் எந்த ஊரில் என்று சட்டம் கேட்கவே இல்லை. டெக்சஸில் ஆறு மாதம், இந்தக் கவுண்டியில், நம் ஊர் மாவட்டம் மாதிரி, தொண்ணூறு நாள் குடியிருந்தாயா, அவ்வளவுதான். விவாகரத்தானால் விசா போகும், தெரியும். ஆனால் அந்த டிக்கெட்டில் ஊருக்குப் போனால், வழக்கை எங்கே எப்போது போடுவது என்பதே இவன் கைக்குப் போய்விடும்.

"முடிஞ்சா பைல் பண்ணிப் பாரு" என்றான் திருமூர்த்தி.

"வியாழக்கிழமையே பண்ணியாச்சு." மனுவின் நகலை டிக்கெட்டின்மேல் வைத்தேன். "அறுபது நாள் வெயிட்டிங். கோர்ட் நோட்டீஸ் தேவையில்லைன்னு நோட்டரி முன்னால நீங்க கையெழுத்துப் போட்டா சத்தமில்லாம முடியும். இல்லைன்னா கான்ஸ்டபிள் உங்க ஆபீசுக்கே வந்து நோட்டீசக் குடுப்பாரு. அங்கிள், நீங்க நோட்டரிதானே? சீல் பையிலதான இருக்கும்?"

அங்கிள் பையை மடியோடு இறுக்கிக்கொண்டார். "என்னைய எதுக்கும்மா இதுல இழுக்கற?"

"டிக்கெட் மட்டும் தானா நடந்தா வந்துச்சு?"

"பாஸ்போர்ட் கிடையாது, போடி!" திருமூர்த்தியின் குரல் முதல்தடவையாகப் பிசிறியது.

"வெச்சுக்கங்க. தொலைஞ்சதுன்னு எழுதிக் குடுத்தா கான்சுலேட்ல வேற தருவாங்க."

வாசலில் என் செருப்பின்மேல் மூன்று பேர் செருப்பும் ஏறிக் கிடந்தது. காலால் தள்ளி, என்னுடையதை உருவி மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். கீழே ஹபீஸாவின் கார் என்ஜினை அணைக்காமல் நின்றது. காலையிலேயே இறக்கிவைத்த என் பெட்டி, பின்சீட்டில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தது.