இரண்டாவது கடை

மாமனாரின் தாடையைத் துணியால் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த 'பீப்' சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் விரல் முடிச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"உயிர் இருக்குடா!" என்று கத்தினார் பெரியப்பா. இறந்தவரின் அண்ணன். எழுபத்தெட்டு வயதாகியும் எதையும் தானே முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை போகாதவர். "சத்தம் வருது பாரு! இருக்குடா!"

டாக்டர் வந்து பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. விடிவதற்குச் சற்று முன்பு, தூக்கத்திலேயே, யாரையும் எழுப்பாமல் போயிருந்தார் மாமா. இருந்தாலும் ஒரு கணம் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். மகள் ஓடி வந்து அப்பாவின் மார்பில் காதை வைத்தாள். மறுபடியும் பீப். சத்தம் அவரிடமிருந்து வரவில்லை. கூடத்து மூலையிலிருந்த மர அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

"அவதான்," என்றார் அத்தை, நாற்காலியைவிட்டு அசையாமல். "என் சக்களத்தி. காலையிலேர்ந்து அவளை யாரும் கவனிக்கல இல்ல, அதான் கூப்பிடுறா."

அது எதற்காகக் கூப்பிடும் என்று அந்த அறையில் மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வருடம் அடுத்தவர்களை மேலும் கீழும் அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டிலிருந்த இருபத்தாறு வீடியோ கேசட்டுகளையும் ஒன்பது ஆல்பங்களையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிடுவது என்று கிளம்பினார். அதை வைக்க ஒரு பெட்டி வேண்டுமே? கடையில் விற்கிற பெட்டியை நம்பமாட்டார். தானே கட்டினார். அலமாரியில் புடவைத் தட்டைக் காலி செய்து, பின்பலகையில் காற்றுக்கு ஓட்டை போட்டு, நான்கு ஹார்ட் டிஸ்க்குகளைச் செருகி ஒரு சர்வரையே குடியேற்றிவிட்டார். கேசட்டுகளில் பூஞ்சை பூத்திருந்ததால் ஏற்றி முடித்ததும் குப்பைக்குப் போயின. ஆல்பங்கள், மேல்வீட்டுக் குழாய் வெடித்த அன்று ஊறிக் கூழாயின. ஆக, அந்தக் குடும்பத்தின் கல்யாணம், காட்சி, பிள்ளைகள் தவழ்ந்தது, தடுமாறி நடந்தது எல்லாம் இப்போது அந்த அலமாரிக்குள் மட்டும்தான். இன்னொரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வைப்பது மாமாவின் அடுத்த வருடத் திட்டம்.

பெட்டி கட்டியது இரண்டு வாரம். டிஸ்க் தேர்ந்தெடுத்தது ஒன்றரை வருடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையை உட்கார வைத்து விளக்குவார். எது எத்தனை சுற்று சுற்றும், எது சூடாகும், எது இராப்பகலாக ஓடத் தாங்கும். மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார். டிஸ்க்கைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தலையாட்டத் தெரியும். அந்தத் தலையாட்டலில்தான் அவர் இந்த வீட்டில் நல்ல பெயர் வாங்கியிருந்தார்.

"லிஃப்ட்டுக்கு எல்லாக் கயிறும் ஒரே சுருள்லேர்ந்து வெட்டணும் மாப்பிள்ளை. அப்பத்தான் ஒண்ணாத் தாங்கும்," என்பார் மாமா. "டிஸ்க்குக்கு நேர் எதிர். ஒரே பெட்டியில பொறந்ததுங்க ஒண்ணாவே சாகும். வேற வேற கடையில, வேற வேற மாசத்துல வாங்கணும்."

அதன்படி ஒன்றை அவரே வாங்கினார். ஒன்றை வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பினான். மீதி இரண்டும் மாப்பிள்ளையின் பொறுப்பு. முதல் டிஸ்க்கைக் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலேயே வாங்கலாம். இரண்டாவதை ஒரு மாதம் கழித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாங்க வேண்டும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். மாப்பிள்ளை இரண்டையும் பக்கத்துக் கடையிலேயே, ஒரே நாளில், ஒரே பையில் வாங்கினார். ஒன்றைக் கொடுத்தார். மற்றதைக் கடை மேசையின் இழுப்பறையில் ஒரு மாதம் வைத்திருந்து பிறகு கொடுத்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "ரெண்டாவது கடை எப்படி?" என்று மாமா கேட்டார். மாப்பிள்ளை பதற்றத்தில், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் நடத்துவதாகச் சொல்லிவைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மாமா அந்தப் பெரியவரின் நலம் விசாரித்தார். மாப்பிள்ளையும் அவருக்கு ஒரு மாடிப்படி, இரண்டு பெண்கள், ஒரு கண் ஆபரேஷன் என்று வரிசையாகச் செய்துவைத்தார். தாங்க முடியாமல் போனபோது, போன மாதம் மாரடைப்பில் அவரைச் சாகடித்தார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளை, பார்த்தேன் என்றார்.

பீப்.

"அதை நிறுத்துங்கப்பா, நல்லாவா இருக்கு?" என்றார் பெரியப்பா.

மாப்பிள்ளை அலமாரியைத் திறந்தார். நான்கு விளக்குகளில் மூன்று பச்சை. மேலேயிருந்து இரண்டாவது சிவப்பு. சத்தத்தை எப்படி அடக்குவது என்று தெரியாமல் தடவினார்.

"பின்னாடி சின்னதா ஒரு பட்டன் இருக்கும்," என்றார் அத்தை. "மூணு செகண்டு அமுக்கிப் பிடிங்க."

அமுக்கினார். நின்றது. செத்த டிஸ்க்கை வெளியே இழுத்துத் திருப்பினார். பக்கத்துக் கடையின் ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது. தேள் கொட்டிய திருடன்போல வாயை மூடிக்கொண்டு நின்றார். இதனோடு பிறந்தது இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. மாமா சொன்னது சரியென்றால் அதுவும் கிளம்பிவிடும்.

தலையாட்டியதில் மூளையில் ஒட்டிய சமாச்சாரம் கொஞ்சம் இருந்தது. பெட்டி எதையும் இரண்டிரண்டு டிஸ்க்கில் எழுதும். ஜோடியில் ஒன்று போனால் புதியதைச் செருக வேண்டும். மிஞ்சியது தன்னிடமிருப்பதை அதற்குச் சொல்லிக்கொடுக்கும். சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் அதுவும் மண்டையைப் போட்டால் மொத்தமும் அம்பேல். தன் இரண்டு டிஸ்க்கும் ஒரே ஜோடி என்பதில் மாப்பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு பஸ் மாறச் சோம்பல்பட்டதற்காக மனைவியின் குழந்தைப் பருவம் முழுவதும், அவள் அப்பா போன அன்றைக்கே, போகப்போகிறது.

"அத்தை, மாமா ஒரு உதிரி டிஸ்க் வெச்சிருந்தாரே…"

"என் பட்டுப்புடவைக்கு நடுவுல," என்றார் அத்தை. "மெத்துனு இருக்கணுமாம். என் புடவைய வெளிய துரத்தினவரு, அதுக்குள்ளயே இதைக் கொண்டாந்து வெச்சாரு. எடுத்துக்குங்க."

எட்டரை மணிக்குப் புதிய டிஸ்க் உள்ளே போனது. பெட்டியின் சின்னத் திரையில் 'ஒரு சதவீதம்' என்று வருவதற்குள் மாப்பிள்ளையின் சட்டை நனைந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு ஐஸ்பெட்டிக்காரர் வந்தார். மகன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான்; வர மூன்று மணியாகும்; வெயிலோ காலையிலேயே கொளுத்தியது. அவர் பெட்டியைக் கூடத்தில் இறக்கி, மாமாவை உள்ளே கிடத்த உதவிவிட்டு, தடித்த பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பிளக் நுழையும் துளை கூடத்தில் ஒன்றுதான். அதில் சர்வர் இருந்தது.

"அதைப் புடுங்கிடுங்க சார்," என்றார்.

"முடியாது," என்றார் மாப்பிள்ளை.

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் 'முடியாது' அது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"என்ன மாப்பிள்ளை?" பெரியப்பாவின் குரல் உயர்ந்தது. "என் தம்பி வேகாத வெயில்ல கெடக்கான். உங்களுக்கு மனுஷனைவிட மிஷின் பெருசாப் போச்சா?"

"அதுல வேலை நடக்குது பெரியப்பா. நடுவுல நிறுத்துனா…"

"என்ன வேலை? செத்த வீட்டுல என்ன வேலை?"

"என்னங்க," என்று மனைவி அருகில் வந்து தணிந்த குரலில் கேட்டாள், "என்னதான் ஆச்சு உங்களுக்கு? எல்லாரும் பாக்குறாங்க."

சொல்ல நினைத்தார். அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. "பத்து நிமிஷம் குடு," என்றார்.

"பத்து நிமிஷத்துல நான் இன்னொரு வீட்டுக்குப் போகணும் சார்," என்றார் ஐஸ்பெட்டிக்காரர். அவருக்கும் தொழில் இருக்கிறதல்லவா.

வழக்கைத் தீர்த்தவர் அத்தை. "சமையல்கட்டுல இதே மாதிரி ஒரு பிளக் இருக்கு. ஃபிரிட்ஜைப் புடுங்குங்க. ஒயரை இழுத்து இங்க கொடுங்க."

"பால் கெட்டுப்போகுமே," என்றது ஒரு குரல்.

"போகட்டும். அவருக்குப் பால் ஆகாது."

அன்று துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பாலில்லாத காப்பிதான். கறுப்பாக, கசப்பாக. வருகிறவர்கள் ஒரு வாய் குடித்து முகம் சுளித்ததை மற்றவர்கள் துயரம் என்று எடுத்துக்கொண்டார்கள். சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஓடிய ஒயரில் ஏழு பேர் தடுக்கினார்கள். பெரியப்பா மட்டும் இரண்டு முறை. இரண்டாவது முறை அவர் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் சம்பந்தமே முறிந்துவிடும் போலிருந்தது.

மாப்பிள்ளையோ அலமாரியைவிட்டு நகரவில்லை. யாராவது கையைப் பிடித்து ஆறுதல் சொன்னால் தலையாட்டிவிட்டு ஓரக்கண்ணால் திரையைப் பார்ப்பார். இருபத்திரண்டு. முப்பத்தாறு. ஐம்பதைத் தொட்டபோது தன்னையறியாமல் "அப்பாடா" என்று சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்தவர், "ஆமாமா, அவஸ்தைப்படாமப் போயிட்டாரு," என்று ஒத்துக்கொண்டார்.

மூன்றேகால் மணிக்கு மகன் வந்து சேர்ந்தான். அழுகை மறுபடி எழுந்து அடங்கியது. நான்கு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. திரையில் எழுபத்தொன்று. தூக்குகிறவர்களில் மாப்பிள்ளையும் ஒருவர். திரும்பி வர ஆறாகும். அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அவர் அலமாரிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை வந்து பக்கத்தில் நின்றார்.

"அத்தை, ஒரு விஷயம் சொல்லணும். இப்பச் சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லுங்க. இனிமே எப்பச் சொன்னா என்ன."

"அந்த ரெண்டாவது கடை…"

"இல்லாத கடை."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அத்தையின் முகத்தில் கோபமில்லை. காலையிலிருந்து அழாத முகம், களைத்துப்போயிருந்தது.

"நீங்க ரெண்டாவதைக் கொடுத்த அன்னைக்கே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. நம்பர் அடுத்தடுத்து இருந்துச்சாம். 'மாப்பிள்ளை ஒரே கடையில வேலைய முடிச்சிட்டாருடீ'ன்னு சிரிச்சாரு. சோடாபுட்டியைப் பத்தி நீங்க சொன்னதையெல்லாம் அப்படியே வந்து எனக்குச் சொல்வாரு. அந்தாளு செத்துட்டதா நீங்க சொன்னீங்களே, அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் தலகாணியில மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சிரிச்சோம். நீங்க கூடத்துல படுத்திருந்தீங்க, கேட்டுடக் கூடாதுன்னு."

"அப்ப… இது ரெண்டும் ஒரே ஜோடி இல்லையா?"

"ரெட்டைப் பிள்ளைங்களை ஒரே பெஞ்சுல உக்கார வெச்சா ரெண்டும் சேந்து ஃபெயிலாகும்னு பிரிச்சு உக்கார வெச்சுட்டாரு. ஒண்ணு அவரு வாங்கினதோட. இன்னொண்ணு பையன் அனுப்பினதோட. பயப்படாதீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை."

"நானும் அதைத்தான் சொன்னேன். 'கேட்டா கூச்சப்பட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை வரமாட்டாரு. அப்புறம் நான் யார்கிட்ட பேசறது'ன்னாரு."

மாப்பிள்ளை அழுதார். நன்றாக, சத்தமாக, மூக்கு ஒழுக அழுதார். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போது மூன்று மணியாகும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியதை நினைத்து அழுதார். மாமா அதையும் பார்த்திருப்பார் என்று தோன்றியபோது இன்னும் தாங்கவில்லை.

"இப்பத்தான் மாப்பிள்ளைக்கு உறைச்சிருக்கு," என்று பெரியப்பா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பிறகு அவரே வந்து தோளைத் தொட்டு எழுப்பினார். "வாங்க. நேரமாச்சு. தலைமாட்டுல நீங்க பிடிக்கணும்."

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எத்தனை டிகிரி காட்டுது?" என்று கேட்டார் அத்தை.

குனிந்து அலமாரிக்குள்ளிருந்த திரையைப் பார்த்தார். "நாப்பத்தேழு."

"ஜாஸ்தி. ஜனக்கூட்டம்ல, காத்தே இல்ல. நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்."

தூக்கினார்கள். லிஃப்ட் இல்லாத வீடு. வாசற்படி மூன்றிலும் மெதுவாக இறக்கி, தெருவில் வண்டி நின்ற இடத்துக்கு நடந்தார்கள். கால்மாட்டைப் பிடித்திருந்த மகன் ஒரு நிமிடம் தோள் மாற்ற நின்றபோது, மாப்பிள்ளை திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். கூடம் ஏறக்குறையக் காலியாக இருந்தது. அத்தை நாற்காலியை அலமாரிக்கு நேரே இழுத்துப் போட்டு, இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவைத்திருந்தார். நான்காக மடித்த செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண் அவர் தோளைப் பிடித்து ஏதோ சொன்னாள். அத்தை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கை வலித்திருக்க வேண்டும். இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.