ஒத்தைத் தாடி, ரெட்டைத் தாடி

அண்ணனின் பூட்ஸைப் பின்வாசல் குழாயடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான் தம்பி. ரத்தம் முதல் தண்ணீரிலேயே போய்விட்டது. சேறுதான் போவேனா என்றது. இந்த பூட்ஸோடுதான் அவரை அனுப்ப வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டாள். முன்னறையில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். பின்கதவு அசையும்போதெல்லாம் தம்பி திரும்பிப் பார்த்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

இருவருக்கும் பறவைப் பூங்காவில் வேலை. கசோவரிகளைப் பார்த்துக்கொள்வது. ஆள் உயரத்துக்கு நிற்கும், பறக்கத் தெரியாத காட்டுப் பறவை. நீலக் கழுத்து, தலையில் கொம்பு போல ஒரு கொண்டை, காலில் கத்தி மாதிரி ஒரு நகம். பூங்காவில் இரண்டு இனம், இனத்துக்கு ஒன்று. எட்ட நின்று பார்த்தால் அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும். கழுத்தில் தொங்கும் சிவப்புச் சதையைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று தொங்கினால் ஒத்தைத் தாடி, இரண்டு தொங்கினால் ரெட்டைத் தாடி. ஒத்தை அண்ணன் கையிலேயே பப்பாளி வாங்கித் தின்னும். ரெட்டை ஆளைக் கண்டாலே உதைக்கும்.

"ஒத்தை சம்பந்தி, ரெட்டை பங்காளி. பங்காளி வீட்டுக்குக் கைய வீசிட்டுப் போகக் கூடாதுடா" என்பார் அண்ணன். ரெட்டையிடம் போகும்போது மட்டும் தடுப்புப் பலகையை எடுத்துக்கொள்வார்.

கொட்டகையில் அடைக்கும்போது கழுத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, அப்புறம்தான் கதவில் பெயர்த்தகடு மாட்ட வேண்டும். அண்ணன் போட்ட சட்டம் அது. முந்தாநாள் அவருக்கு விடுமுறை. சாயங்கால மழையில் நடுவேலி சாய்ந்து இரண்டும் கலந்துவிட்டன. தம்பி தனியாளாக இரண்டையும் விரட்டி அடைத்தான். இரண்டும் தலையைத் தாழ்த்திக்கொண்டே ஓடின. தொப்பலாக நனைந்திருந்தவன், உருவத்தை வைத்து இதுதான் ஒத்தை என்று தகட்டை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை அண்ணன் அந்தத் தகட்டை நம்பி, பழ வாளியோடு, பலகை இல்லாமல், தாழ்ந்த கதவில் குனிந்து நுழைந்தார். தொடையில் ஒரே உதை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் கிளம்பியதும், மேனேஜர் வருவதற்குள், தம்பி தகடுகளை மாற்றி மாட்டினான்.

பின்கதவு திறந்தது. அண்ணி.

"மேனேஜர் வந்திருக்காரு தம்பி. தகடு சரியாத்தான் இருந்துச்சாம். இவருதான் ரெட்டைய ஒத்தைன்னு நெனச்சு உள்ள போயிட்டாருன்னு எழுதிட்டாங்களாம்."

தம்பி பூட்ஸை இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

"இருபது வருசம்! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரே. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமச் செத்தாருன்னு என் புள்ளைங்க காதுல விழணுமா?"

"விடுங்க அண்ணி. யாரு என்ன சொன்னா என்ன…"

"முந்தாநேத்து அடைச்சது நீங்கதானே?"

தேய்த்த கை நின்றது. வேலை போகும், போலீஸ் வரும் என்று இரண்டு நாளாகப் பயந்திருந்தான். அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று இப்போது தோன்றியது. அண்ணியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத்தான் முடியவில்லை.

"கழுத்தப் பாத்தீங்களா?"

"பாக்கல அண்ணி." பூட்ஸைக் கீழே வைத்தான். "தகட மாத்தினதும் நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. அவள் குனிந்து ஈர பூட்ஸை எடுத்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன எடுக்கறதுக்குள்ள போய்ச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்க."

முன்னறையில் அவனைக் கண்டதும் மேனேஜர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காருப்பா. நேத்துலேருந்து நின்னுக்கிட்டே இருக்கே."

தம்பி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அறையில் பேச்சுக் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின.