பதர் மூட்டைகள்

மக்காச்சோளத் தட்டையை மடக்கி உழாமல் அதன்மேலேயே கோதுமையை விதைக்கலாம், டீசல் மிச்சம் என்றார் என் கணவர். தட்டையில் பூஞ்சை தங்கும், உழுதுவிடுங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். காதில் போட்டுக்கொண்டால்தானே! பூக்கும் நேரத்தில் ஒரு வாரம் விடாமல் மழை. கதிர்கள் வெளுத்து, இளஞ்சிவப்பாய்ப் பூஞ்சை பூத்தது.

அறுத்ததும் வீட்டிலேயே, பூஞ்சை நஞ்சைக் காட்டும் சோதனை அட்டையில் பார்த்தோம். நல்ல தானியமென்றால் இரண்டு கோடு விழ வேண்டும். ஒன்றுதான் விழுந்தது. நஞ்சு. கோதுமை வாங்கும் மாவு ஆலைக்குத் தெரிந்தால் எங்கள் நிலத்தையே கொள்முதல் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு ஆலையும் கிடையாது.

காற்றில் தூற்றும் இயந்திரத்தில் இரண்டு முறை விட்டோம். பூஞ்சை பிடித்த மணிகள் எடையில்லாமல் பறந்து தனியே விழுந்தன. மிஞ்சிய கோதுமைக்கு இரண்டு கோடும் விழுந்தன. அவர் விசிலடித்தார். நஞ்சு எங்கேயும் போய்விடவில்லை, கொட்டகையில் மூட்டை மூட்டையாகப் பதராய் உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை தங்கை வண்டியோடு வந்து நின்றாள். வருஷா வருஷம் பதரெல்லாம் அவள் பன்றிகளுக்குத்தான். அவள் கணவரோ அதே ஆலையின் வாசலில் தானியத்தைச் சோதிப்பவர். சொன்னால் நிலம் போச்சு, சொல்லாவிட்டால், நஞ்சைத் தின்று அவள் சினைப் பன்றிகள் போச்சு.

"இந்த வருஷம் பதர் இல்லடி. நனைஞ்சு நாறிடுச்சு, புதைக்கப் போறோம்," என்றேன். பொய்யாவது வழி விட்டதே என்று மூச்சு வந்தது.

"என்னக்கா உளர்ற? நேத்து மாமா கொண்டுவந்து போட்ட நாலு மூட்டை நல்லாத்தானே இருந்துச்சு? பன்னிங்கதான் மோந்து பார்த்துட்டு ஒதுங்குச்சுங்க. சர்க்கரைப்பாகு ஊத்திக் கலந்தேன், தின்னுதுங்க. இன்னிக்கும் தொட்டி நிறையக் கொட்டிட்டுத்தான் வந்தேன்."

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"எப்பவும் குடுக்கறதைக் குடுக்கலன்னா சந்தேகம் வருமேன்னு..." என்று என் காதருகே முனகினார். தெரிந்தே கொடுத்திருக்கிறார். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடிக்கவேயில்லை.

"வீட்டுக்குப் போன் போடுடி. தொட்டியை உடனே கவுக்கணும்."

"வீட்ல அவர் மட்டும்தான் இருக்காரு, இன்னிக்கு ஆலைக்குப் போகல. ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"போடு. அவர்கிட்ட நானே சொல்றேன்."

என் கணவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். நான் மறு கையால் போனை வாங்கினேன்.