இரண்டு தடவை அமுக்கினால்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் மாத இதழின் ஆசிரியர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை என் மேசைமேல் வைத்து, "இதைப் பத்தி எழுதுங்க. ஒண்ணுமே தெரியாத ஆள் இதை வச்சு எப்படி ஆரம்பிக்கணும்னு. உங்களவிடப் பொருத்தமான ஆள் ஆபீஸ்ல இல்ல" என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் தீப்பெட்டியைவிடச் சிறிய இரண்டு போர்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பொடி விளக்கு, ஒரு பொத்தான், நகத்தளவு கறுப்புச் சில்லு. சில்லின் பெயர் மைக்ரோகன்ட்ரோலர். கணினியில் நாம் எழுதி அனுப்பும் கட்டளையை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னபடி நடக்கும். கம்பியில்லாமலே ஒரு போர்டு இன்னொன்றோடு பேசும். இவ்வளவும் பெட்டியின் மேலேயே போட்டிருந்தது. ஆகவே கட்டுரையில் பாதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

முதல் தொடக்கம்: தொழில்நுட்பம் நம் வாழ்வில் இரண்டறக் கலந்துவிட்ட இக்காலகட்டத்தில்— [இதற்குமேல் எனக்கே கொட்டாவி வந்தது.]

இரண்டாவது தொடக்கம்: போர்டைக் கணினியோடு இணைத்து, கையேட்டின் முதல் பாடத்தை அனுப்பினால், விளக்கு கண் சிமிட்டும். [சிமிட்டவில்லை. ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். அசைந்து கொடுக்கவில்லை.]

மூன்றாவது தொடக்கம்: என் அண்ணி பல்செட் செய்கிறவர்.

இதைப் பிடித்துக்கொள்கிறேன். இதில்தான் உயிர் இருக்கிறது.

2

அண்ணியின் பட்டறை அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் மாடியில். பல் மருத்துவர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அண்ணி அதைப் பார்த்து, முகம் தெரியாத ஒருவருக்குப் பல் கட்டுவார். மெழுகில் வடிப்பார், உலோகத்தில் வார்ப்பார், ஈறுக்கு ரோஸ் நிறப் பிசினை ஊற்றுவார், பிறகு மணிக்கணக்காக இழைப்பார். இழைக்கும் மெஷினும் தூசியை உறிஞ்சும் மெஷினும் ஒன்றாக ஓடும்போது மாடியே அதிரும். அண்ணி காதை மூடிக்கொண்டு, பூதக்கண்ணாடிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீடே இடிந்து விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

கீழே அப்பா. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உதடு அசையும், சத்தம் வராது. பெரிய விஷயமென்றால் பிளாஸ்டிக் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

[முதல் வரைவில் அப்பாவை ரயில் நிலைய அறிவிப்பாளராக்கியிருந்தேன். குரலை வைத்துப் பிழைத்தவர் குரலை இழந்தால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கும் என்ற கணக்கு. அண்ணி படித்துவிட்டு, "மாமா கிடங்குல சரக்கு பாத்தவரு. எதுக்கு இந்தப் பொய்? கிடங்குக்காரருக்குத் தொண்டை போனா வலிக்காதா?" என்று கேட்டார். அறிவிப்பாளரை எடுத்துவிட்டேன்.]

ஒரு நாள் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். கையிலிருந்த குவளையால் கதவைத் தட்டியிருக்கிறார். மேலே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி டீ போட இறங்கி வந்தபோதுதான் தெரிந்தது. எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் ஈரத் தரையில் கிடந்தபடி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் அவர் கையைக் குவித்ததை அண்ணியால் மறக்க முடியவில்லை.

அண்ணன் வெளியூர் வேலைக்காரர், வாரக் கடைசியில் வருகிறவர். "முதியோர் விடுதி ஒண்ணு பாத்திருக்கேன். நல்ல இடம். எப்பவும் ஆள் இருக்கும்" என்றார். அவரைக் கெட்டவராக எழுதிவிட்டால் கதை சுலபமாக ஓடும். ஆனால் அவர் பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். அப்பாவோ சிலேட்டில் 'சரி' என்று எழுதிவிட்டார். கேட்ட மாத்திரத்தில் எழுதியதுதான் அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

[காலிங் பெல் வைக்கலாமே என்று கேட்பீர்கள். அண்ணியின் காது மூடியிருக்கிறது. கம்பி இழுத்து விளக்குப் போடலாமே என்பீர்கள். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டார். தவிர, அப்பா எங்கே விழுவார் என்று சுவருக்கு எப்படித் தெரியும்? பொத்தான் அவரோடு நடக்க வேண்டும்.]

3

அப்போது என் பையில் அந்தப் பெட்டி இருந்தது. "கம்பியில்லாமப் பேசுமாம் அண்ணி. ஆனா என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்குது" என்று மேசைமேல் வைத்தேன். திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்தேன் என்பதே உண்மை.

அண்ணி என்னை 'எழுத்தாளரே' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இன்றுவரை பிடி கிடைக்கவில்லை.

"இதுவரைக்கும் எதையெல்லாம் திட்டினீங்க, எழுத்தாளரே?"

"போர்டைத் திட்டினேன். கம்ப்யூட்டரைத் திட்டினேன்."

"பல்லு பொருந்தலன்னா நாங்க பல்லையும் திட்ட மாட்டோம், வாயையும் திட்ட மாட்டோம். நடுவுல வந்த அச்சைத்தான் முதல்ல பாப்போம். இங்க நடுவுல என்ன இருக்கு?"

நடுவில் இருந்தது என் செல்போன் சார்ஜரின் கேபிள். பெட்டியில் கேபிள் வரவில்லை, அதனால் கைக்குக் கிடைத்ததைச் செருகியிருந்தேன். அண்ணி கையேட்டை முதல் பக்கத்திலிருந்து, அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் விடாமல், விரல் வைத்துப் படித்தார். சில கேபிள்களில் மின்சாரத்துக்கு மட்டுமே கம்பி இருக்குமாம், தகவல் போகக் கம்பியே இருக்காதாம். "உள்ள கரன்ட் போகுது. பேச்சு போகல" என்றார்.

[இந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஓர் உவமை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். என்ன உவமை என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள், அதனால்தான் அடித்தேன்.]

பழைய பிரின்டரின் கேபிளைத் தேடி எடுத்துச் செருகினார். கணினி போர்டை அடையாளம் கண்டுகொண்டது. முதல் பாடத்தை அனுப்பினார். அந்தப் பொடி விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பல் கட்டிய கை, சின்னப் பெண்ணுடையதுபோல் ஒருமுறை தட்டிக்கொண்டது. நானும் தட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் தட்டினேன்.

4

அண்ணிக்குக் கட்டளை எழுதும் மொழி தெரியாது. கற்றுக்கொண்ட விதம்தான் அழகு. கையேட்டின் மாதிரியை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரே ஒரு வரியை மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார். சரியில்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்த வரி. "கடிச்சுப் பாரு, இழை, மறுபடி கடிச்சுப் பாரு. எங்க வேலையும் இதேதான்" என்றார். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு போர்டையும் பேச வைத்துவிட்டார். இதன் பொத்தானை அமுக்கினால் அதன் விளக்கு எரிந்தது. கையேட்டின் ஐந்தாம் பாடம் அது. நான் முதல் பாடத்தையே தாண்டாதவன்.

பிறகு ஒரு தப்புச் செய்தார். பல்செட் செய்கிறவரைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு.

சின்ன பேட்டரி மாட்டிய அப்பாவின் போர்டுக்கு ஒரு கூடு வேண்டும். கீழே விழுந்தால் உடையக்கூடாது, கையில் வழுக்கக்கூடாது. அண்ணி மெழுகில் வடித்து, பல்செட்டுக்கு வார்க்கும் அதே உலோகத்தில் வார்த்தார். அப்பாவின் உள்ளங்கைக்கு அளவெடுத்துச் செய்தது. மூடினால் இடுக்குத் தெரியாது, பொத்தான் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளிபோல் மின்னியது. என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியான பொருளை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. பெஞ்சின்மேல் வைத்து அமுக்கினோம். பக்கத்திலேயே இருந்த இன்னொரு போர்டின் விளக்கு எரிந்தது. அண்ணனுக்குப் போன் போட்டு, வரச் சொன்னார்.

5

ஞாயிற்றுக்கிழமை. அப்பா கீழே நாற்காலியில். அண்ணி மாடியில், மெஷின் ஓட, காது மூடியிருக்க. நான் படியில், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அமுக்குங்கப்பா" என்றார்.

அப்பா அமுக்கினார். மேலே ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினார். விரல் நுனி வெளுக்கும்வரை அமுக்கினார். மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. அப்பா அந்த அழகான பெட்டியை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்தார். 'பரவாயில்லை. விடுதிக்கே போகிறேன்.'

நான் மாடிக்குப் போய்த் தோளைத் தொட்டதும் அண்ணி தன் போர்டோடு இறங்கி வந்தார். சிலேட்டைப் படித்தார். "மாமா, இன்னொரு தடவை. நான் சொல்றவரைக்கும் அமுக்கிட்டே இருங்க" என்று கூடத்தின் கோடிக்குப் போய், ஒவ்வோர் அடியாக அவரை நோக்கி வந்தார். அப்பாவின் நாற்காலியைத் தொடுமளவு வந்தபோதுதான் அவர் கையிலிருந்த விளக்கு எரிந்தது.

"என் பெட்டிதான்" என்றார் அண்ணி. "உலோகம். உள்ள பேசறது வெளிய போகல. நான்தான் வாயை மூடிட்டேன்."

மூடியைக் கழற்றி வெறும் போர்டை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினார். மேலிருந்து, "எரியுது! எரியுது!" என்று கத்தினார். அவ்வளவு பாடுபட்டுச் செய்ததைத் தூக்கி அலமாரியில் போட அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்காகவே நான் அவரை இன்னும் கொஞ்சம் கூடுதலாக மதிக்கிறேன். நானாயிருந்தால் அந்தப் பெட்டியைக் காப்பாற்றக் கதையையே மாற்றியிருப்பேன்.

புதுக் கூடு ஈறுக்கு ஊற்றும் பிசினில் வந்தது. அசல் ஈறின் ரோஸ் நிறம். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உதட்டை அசைத்தார்: 'பல்லு எங்கே?' தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அண்ணனும் சிரித்தார்.

6

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆசிரியரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அந்த விளக்கு எரியவே இல்லை.

பொத்தானில் கோளாறில்லை. ஒரு தடவை அமுக்கினால் 'இருக்கிறேன்', இரண்டு தடவை அமுக்கினால் 'வா' என்று பேசி வைத்திருந்தார்கள். அப்பா அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார், அமுக்கத்தான் இல்லை. ஒரு நாள் அண்ணி இறங்கி வந்தபோது, மேல் அலமாரியிலிருந்து மருந்து எடுக்க நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு மாமா இதைப் பையில வச்சிருக்கீங்க? அழகுக்கா?" அண்ணிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

சிலேட்டில் பதில் வந்தது: 'நீ வேலையாக இருப்பாய்.'

அந்த வாரக் கடைசியில் இதைக் கேட்ட அண்ணன் பெருமூச்சு விட்டார். "கூப்பிடாத மனுஷனுக்கு மெஷின் என்ன செய்யும்? சரி, மாசக் கடைசிவரைக்கும் பாப்போம். அவரா ஒரே ஒரு தடவை 'வா'ன்னு கூப்பிடட்டும், விடுதிப் பேச்சை விட்டுடறேன். இல்லன்னா நீ பிடிவாதம் பிடிக்கக்கூடாது."

அண்ணி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கணினியைத் திறந்து, மறுபடியும் ஒவ்வொரு வரியாக மாற்ற ஆரம்பித்தார். இனி மேலே அமுக்கினாலும் கீழே எரியும்.

"கூப்பிடறது மாமாவுக்குத் தொந்தரவு குடுக்கறமாதிரி, எழுத்தாளரே. ஆனா யாராவது கேட்டா பதில் சொல்லாம இருக்க மாட்டார். அந்தப் பழக்கத்துலேருந்து ஆரம்பிப்போம்."

வேலைக்கு நடுவே அண்ணி ஒரு தடவை அமுக்குவார். கீழே அப்பாவின் பையில் விளக்கு எரியும். உடனே மேலே ஒன்று எரியும். இருக்கிறாயா, இருக்கிறேன். பகல் முழுக்க இப்படிப் போய்க்கொண்டிருந்தது. சில சமயம் அண்ணி அமுக்குமுன்பே அப்பா ஒன்று அனுப்பினார். ஒன்றுதான். இரண்டு வரவில்லை.

இதைச் செய்தவருக்கு ஒரு வாக்கியத்திலாவது நேராகப் பாராட்டுச் சொல்ல வேண்டுமென்று பல வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். என் அண்ணியைப் போல ஒரு— [விடுங்கள். படித்தால் சிரிப்பார்.]

7

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

அ. அண்ணன் மனம் மாறி, கண்கலங்கி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறார். [அண்ணன் கண்கலங்கியதை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள்.]

ஆ. அண்ணியின் பொத்தான் ஊரெல்லாம் பரவுகிறது. ["எழுத்தாளரே, எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்க வேண்டிய பல்லே நிறைய இருக்கு."]

இ. மாதக் கடைசி வருகிறது. அப்பா விடுதியில் ஜன்னலோரமாக உட்கார்ந்து ரோஸ் நிறப் பெட்டியை அமுக்குகிறார். அவ்வளவு தூரத்துக்கு அது எட்டாது என்று அவரிடம் யாரும்— [இதை எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னால் முடியவில்லை.]

8

இதை அண்ணியின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மாதத்தின் கடைசி நாள் இது. சாயங்காலம் அண்ணன் வருகிறார். அண்ணி ஒரு பல்செட்டைக் கொடுக்க மருத்துவரிடம் போயிருக்கிறார்.

"லைட்டைப் பாத்துக்கிட்டே எழுதுங்க. ஒண்ணு வந்தா நீங்களும் ஒண்ணு அமுக்குங்க" என்றார்.

"ரெண்டு வந்தா?"

செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "வந்தா அப்பவும் எழுதிக்கிட்டா இருப்பீங்க?"

கீழே போய், "மாமா, நான் வெளிய போறேன். மேல உங்க சின்னவர்தான் இருக்கார்" என்று அப்பாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

கொஞ்சம் முன்னால் ஒன்று வந்தது. நானும் ஒன்று அமுக்கினேன். அண்ணியின் பெஞ்சில் இந்த விளக்கு எத்தனையோ தடவை எரிந்திருக்கிறது, எனக்காக எரிந்தது இதுதான் முதல் தடவை.

நான்காவதாக ஒரு முடிவு யோசித்து வைத்திருக்கிறேன். அதில் அண்ணி திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொள்கிறது, படியில்

எரிந்தது.

இரண்டு தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன். மறுபடியும் இரண்டு.

அண்ணி வீட்டில் இல்லை என்று அப்பாவுக்குத் தெரியும். அப்படியானால் கூப்பிடுவது என்னைத்தான். விழுந்துவிட்டாரா, தண்ணீர் வேண்டுமா, சும்மா கூப்பிட்டுப் பார்க்கிறாரா? உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். பேனாவையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி வந்து கேட்டால் மட்டும் சொல்லுங்கள், எழுத்தாளர் கதையைப் பாதியில் போட்டுவிட்டுக் கீழே