சாவு விழுந்த வீட்டின் முதல் பேச்சு

மர அறுப்பு மில் முதலாளியின் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. மகனை அடக்கம் செய்த அன்றும் நிமிர்ந்துதான் நடந்தார். குழாயடியில் தொடங்கிய சண்டையில் மில் தெருவில் அவர் மகன் போனான். பட்டறைத் தெருவில் வெல்டிங் கடைக்காரியின் மகன் போனான். இரண்டு தெருவுக்கும் பொதுவான வழிபாட்டு மண்டபத்துக்குப் பட்டறைத் தெரு அதன்பின் வருவதில்லை. முன்பெஞ்சில் மகன் உட்காரும் இடத்தில் அவனுடைய சால்வையை மடித்து வைத்திருந்தார் முதலாளி. குழந்தை வந்து உட்கார்ந்தாலும் முறைப்பார்.

சபையில் ஒரு விதியையும் அவரே கொண்டுவந்தார். பகையைப் பற்றிய பேச்சென்றால் சாவு விழுந்த வீடுதான் முதலில் பேச வேண்டும். பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. சமாதானம் என்று வாயெடுப்பவர்களை அடக்கத்தான். அடக்கியும் விட்டார்.

செத்த மகனின் மனைவி, அவர் மருமகள், வாரந்தோறும் மண்டபத்தில் பெண்களைக் கூட்டிப் பிரார்த்தனை நடத்துவாள். அதில் அவருக்குப் பெருமைதான். பட்டறைத் தெருப் பெண்கள் பின்வாசல் வழியாக அதற்கு வருகிறார்கள் என்ற சேதி சாப்பிடும்போது காதில் விழுந்தது. பாதியில் கை கழுவினார்.

"என் பிள்ளை பேரையும் அந்த வெல்டிங் கடைக்காரி பிள்ளை பேரையும் ஒண்ணாச் சொல்லிக் கும்பிடுறீங்களாமே? வெட்கமா இல்ல?"

"மொத தடவை இருந்துச்சு, மாமா. அந்தம்மா அழுததும் போயிருச்சு." தட்டை எடுத்தபடியே சொன்னாள். "மில்லுப் பசங்க மறுபடி இரும்புக் கம்பி சேக்குறாங்க. அதை மண்டபத்துல கொண்டாந்து போடச் சொல்லி ரெண்டு தெருப் பொம்பளைங்களும் கேக்கப்போறோம். 'கடவுள்கிட்டக் கேட்ட வாய்தானே, சபையிலயும் நீயே கேளும்மா'ன்னு மண்டபத்துக் குரு சொல்லிட்டாரு."

"இந்த வீட்டுப் பொண்ணு யாரும் சபையில எழுந்து நின்னதில்ல."

"இதுக்கு முன்னால இந்த வீட்டுல யாரும் அடிபட்டுச் செத்ததும் இல்ல, மாமா."

முதலாளிக்குச் சுருக்கென்றது. "நீ பேச எழுந்தா நான் வெளிய போயிடுவேன்."

அவர் எழுந்துபோனால் மில் தெருவே பின்னால் போய்விடும். அது இருவருக்கும் தெரியும்.

சபை கூடிய அன்று குரு வேதம் வாசித்து முடித்து ஒதுங்கி நின்றார். மருமகள் எழுந்து முன்னால் போனாள். அதே நேரம் பட்டறைத் தெருப் பெண்கள் முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தார்கள். முதலில் வந்தவள் வெல்டிங் கடைக்காரி.

"சாவு விழுந்த வீடு பேசுது" என்றாள் மருமகள்.

மில் மேஸ்திரி துள்ளி எழுந்தான். "அந்த விதி முதலாளிக்குத்தான்!"

"அவ புருஷன் என்ன வெளியூருக்கா போயிருக்கான், மேஸ்திரி?" என்றார் குரு. "சண்டையை நிறுத்துன பொம்பளை கதையை வேதத்துல இருந்து வாசிச்சா தலையாட்டுறீங்க. கண்ணு முன்னால ஒருத்தி வந்து நின்னா கசக்குதோ?"

"முதலாளி வீட்டுல இப்ப சேலை ராஜ்யம்போல!" என்று இளித்தான் மேஸ்திரி.

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

முதலாளி எழுந்தார். பின்னாலேயே போகத் தயாராக மில் ஆட்களும் எழுந்தார்கள். மருமகள் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாசலை நோக்கித் திரும்பியவரின் கண்ணில் மேஸ்திரியின் இளிப்பு பட்டது. இந்த இளிப்பின் முன்னால் தன் வீட்டுப் பெண்ணைத் தனியாக விட்டுப் போவதா?

"என் வீட்டுப் பொண்ணு பேசிக்கிட்டிருக்கா. உக்காருடா."

"இல்ல முதலாளி, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"குறுக்க பேசக் கூடாது. நான் போட்ட விதி."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவரும் உட்கார்ந்தார்.

மருமகள் அதிகம் பேசவில்லை. "எங்க வீட்டுச் சாவுக்காக யாரும் கம்பி எடுக்க வேணாம். எடுத்தீங்கன்னா அது எங்களுக்காக இல்ல. வீட்டுல வச்சிருக்கறதைக் கொண்டாந்து இங்க போடுங்க" என்றாள். பிறகு, "சாவு விழுந்த வீடு இன்னொண்ணு இருக்கு. அதுவும் பேசணும்" என்றாள்.

வெல்டிங் கடைக்காரி நடைபாதையிலேயே நின்றிருந்தாள். அழைத்ததும் முன்னால் வந்தாள். மகன் பெயரைச் சொன்னாள்; முதலாளி மகனின் பெயரையும் சொன்னாள். உட்கார இடம் தேடித் திரும்பினாள். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. சால்வை கிடந்த இடம் மட்டும்தான் காலி. முதலாளியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கம்பிகள் வருமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. முதலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகு வளையாமல், சால்வையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.