வைக்கோல் நிறம்

பதினான்காவது துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிலவறையிலிருந்து ஏறி வந்த அர்லீன் பாதிப் படியில் நின்றுவிட்டாள். மேலே முன்னறையில் கணவர் எல்டனின் மூச்சு நின்றிருந்தது. காது கொடுத்துக் கேட்டாள். ஒரு கரகரப்போடு அது மறுபடி ஓடத் தொடங்கியதும் மிச்சப் படிகளை ஏறினாள்.

சமையலறை மேசையில் எல்டனின் துப்பாக்கிக் கிளப் நண்பர் டுவைட் அட்டைப்பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்கால் மூட்டும் ஆபரேஷனில் மாற்றிய மனிதர், படி இறங்க முடியாது. துப்பாக்கியை வாங்கி, மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டார். நாற்பது வருஷமாகக் காலியாகவே இருக்கும் துப்பாக்கியைக்கூடக் கைக்கு வந்ததும் ஒரு தடவை பார்ப்பது கிளப்காரர்கள் வழக்கம். கொடுத்தவனை நம்பவில்லை என்று அதற்கு யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்வதில்லை.

இனி வைத்தியமில்லை என்று எல்டனுக்கு முன்னறையில் கட்டில் போட்ட அன்றே நர்ஸ் சொல்லிவிட்டாள், வலி மருந்து இருக்கிற வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாதென்று. அர்லீன் ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். எல்டனுக்கு நினைவு இருக்கும்போது அவற்றை வெளியே தூக்கிப் போக அவளுக்கு மனசு வரவில்லை. நேற்றுக் காலையிலிருந்து எல்டன் கண் திறக்கவில்லை. துப்பாக்கிகளை எடுத்துப் போக இன்று மத்தியானம் டுவைட்டைக் கூப்பிட்டுவிட்டாள்.

"கண்ணாடிய வண்டியில விட்டுட்டேன். கார்டை நீங்களே படிச்சிடுங்க" என்றார் டுவைட்.

தான் சேகரித்த ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எல்டன் ஒரு கார்டு எழுதி வைத்திருந்தார். பொடிப் பொடியான எழுத்து. இத்தனை வருஷத்தில் அர்லீன் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. இன்று சத்தமாகப் படித்தாள்: கோல்ட், 1918, கைப்பிடி மாற்றியது. பிரௌனிங், பெல்ஜியம், உறையோடு. டுவைட் தலையாட்டித் தலையாட்டி ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்ததை எடுத்து வரும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"இது நம்ம லூகர். நான் தேய்ச்சது" என்றாள்.

அந்தக் கதை டுவைட்டுக்கு மனப்பாடம். எல்டனுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் ஒன்பது வருஷம் தேடி வாங்கிய ஜெர்மன் துப்பாக்கியை அர்லீன் எடுத்து, கம்பி நாரும் பாலிஷும் போட்டு இரண்டு நாள் தேய்த்தாள். கருப்பாக அழுக்கேறிக் கிடந்தது வெள்ளி ஸ்பூன் போல ஆனது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் துப்பாக்கிக் கிளப்பின் ஆறு பேரும் இந்த வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். பன்றித் தொடையை வெட்டிக்கொண்டே அவள் இதைச் சொல்வாள். கடைசியில், "மனுஷன் வந்து பார்த்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? ரொம்ப நேரம் ஆகியிருக்குமேன்னான். அவ்வளவுதான், ஒரு தேங்க்ஸ்கூட இல்ல" என்று முடிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

"அதுக்குக் கார்டு வேணாம். எனக்கே தெரியும்" என்றார் டுவைட்.

"எல்லாத்துக்கும் படிச்சோமில்ல" என்று அர்லீன் கார்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தாள். "லூகர், 1913. எண்கள் எல்லாம் பொருந்துது. கருநீலப் பூச்சு தொண்ணூத்தெட்டு சதவீதம். வைக்கோல் நிறம் முழுசா இருக்கு. இதெல்லாம் கோடு போட்டு அடிச்சிருக்கு. கீழ, மார்ச் 1986. பூச்சு இல்லை. வைக்கோல் நிறம் இல்லை. அர்லீனிடம் சொல்ல வேண்டாம்."

கடைசி வரியையும் அதே குரலில்தான் படித்தாள். படித்த பிறகுதான் அது தன் பெயர் என்று உறைத்தது.

டுவைட் பெட்டியின் மூடியை மூடினார். திறந்தார்.

"வைக்கோல் நிறம்னா என்ன?"

"விட்டுடுங்க, அர்லீன்."

"என்னன்னு கேட்டேன்."

"விசை, பூட்டு, சின்னச் சின்ன பாகம்லாம் இருக்கில்ல. அதைத் தொழிற்சாலையில சூடு பண்ணி எடுப்பாங்க. மஞ்சளா ஒரு நிறம் வரும். அது அப்படியே இருந்தாத்தான் மதிப்பு."

"நான் துருன்னு நினைச்சேன்."

"தெரியும்."

"அதத்தான் ரொம்பத் தேய்ச்சேன்." அவள் உட்கார்ந்தாள். "உங்களுக்குத் தெரியுமா? மத்தவங்களுக்கு?"

"அந்த வாரமே கிளப்புக்கு வந்து சொன்னான். ஒருத்தரும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு. உங்க மேல அவ்வளவு பிரியம்."

பிரியம்தான். அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் முப்பத்தெட்டு கிறிஸ்துமஸ் அவள் கண்முன் வந்தது. கதை சொல்லும்போது ஆறு ஆம்பிளைகளும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். எல்டனும் சிரித்தார். மேசையில் ஏழு பேருக்குத் தெரிந்த ஒன்று அவளுக்கு மட்டும் தெரியாது. அந்தத் துக்கத்தைச் சொல்ல எல்டனுக்கு ஆள் இருந்திருக்கிறது. அது அவள் இல்லை. அவமானத்தைவிட இதுதான் அவளுக்கு வலித்தது.

எழுந்து முன்னறைக்குப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். காது கடைசி வரைக்கும் கேட்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கேட்கட்டும்.

"எல்டன், நான் அதைக் கெடுத்துட்டேன். இப்பத்தான் தெரியும்."

வெளியே பக்கத்து வீட்டுக்காரன் பாதையில் பனியை வாரித் தள்ளும் சத்தம் கேட்டது.

"நீ என்னைத் திட்டியிருக்கணும். இதை யார் தொடச் சொன்னதுன்னு ஒரு கத்து கத்தியிருக்கலாம். நானும் கத்தியிருப்பேன். நாலு நாள் பேசாம இருந்திருப்போம். நான் அம்மா வீட்டுக்குக்கூடப் போயிருப்பேன். அப்புறம் வந்திருப்பேன். வராம எங்க போகப் போறேன்? சண்டை போடக்கூட நான் ஆக மாட்டேன்னு நினைச்சிட்டியா? உடைஞ்சு போயிடுவேன்னு நினைச்சியா? உன்னோட அம்பத்திரண்டு வருஷம் இருந்திருக்கேன், எல்டன். உங்க அம்மாவ எட்டு வருஷம் நான்தான் குளிப்பாட்டினேன். அப்ப உடையல. கம்பி நாருக்கா உடைஞ்சிருப்பேன்?"

இன்னும் நிறைய சொன்னாள். துப்பாக்கிக்குச் சம்பந்தமில்லாததெல்லாம் வந்தது. நிலவறையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள், மேலே டிவி முன்னால் அவள் உட்கார்ந்திருந்தது, ரெண்டு பேரும் அதை நிம்மதி என்று சொல்லிக்கொண்டது. பதிலுக்கு நிறுத்தியபோது முன்னறையில் எந்தச் சத்தமும் இல்லை. மூச்சு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போது அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் வாயை மெல்ல மூடிவிட்டாள். அது மறுபடி திறந்துகொண்டது. போர்வையைச் சரிசெய்துவிட்டு நர்ஸுக்குப் போன் பண்ணினாள். பனி கொட்டியிருப்பதால் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றாள் நர்ஸ். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் அர்லீன். "நான்தான் பேசிட்டிருந்தேன்."

சமையலறையில் டுவைட் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது.

"மிச்சத்த அப்புறமா எடுத்துக்கறேன். நீங்க கொஞ்சம் தனியா இருங்க."

"தனியா இருந்து பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு அவள் இரண்டு கோப்பையில் காபி ஊற்றினாள். "உட்காருங்க."

டுவைட் நின்றுகொண்டேயிருந்தார்.

"என்னைப் பத்தி உங்ககிட்ட வேற என்னென்ன சொல்லியிருக்கான்?"

"சத்தியம் பண்ணியிருக்கேன், அர்லீன்."

"யாருக்கு?"

டுவைட் முன்னறைப் பக்கம் பார்த்தார்.

"எல்லாமேவா?" என்றார்.

"எல்லாமே. கெட்டதுலேர்ந்து ஆரம்பிங்க."

அவர் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்.